சேலம் வெயிலா, கோழிக்குஞ்சு பல்பா? பிளாஸ்டிக் பாகத்துப் பெயின்ட்டைச் சீக்கிரம் காயவைக்கும் வழிகள்

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மாலை. ஏற்காட்டில் நாகலூர் சாலையோரம் இருக்கும் சித்தப்பா வீட்டுத் திண்ணையில், அவருடைய காரின் பக்கக் கண்ணாடி உறையோடு உட்கார்ந்திருந்தேன். சேலத்திலிருந்து மலை ஏறும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், எதிரே இறங்கிய வேன் உரசி, உறையின் கறுப்புப் பெயின்ட் விரல் நீளத்துக்கு உரிந்துபோயிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, கறுப்பு அடித்து, அதன்மேல் பளபளப்புக்கான நிறமில்லாத பூச்சு, அதாவது கிளியரும் அடித்து முடித்திருந்தேன். காலையில் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாக வேண்டும். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது.

“விடிவதற்குள் காய்ந்துவிடுமா கண்ணு?” என்று கேட்டார் சித்தப்பா.

“காயவைத்துவிடலாம் சித்தப்பா” என்று சொல்லிவிட்டு, கொதிக்கும் காற்றை ஊதும் ஹீட் கன்னை எடுத்தேன்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. குண்டூசித் தலையைவிடச் சிறிய கொப்புளங்கள் ஒன்று, பத்து, நூறு என்று கிளியருக்குள்ளிருந்து கிளம்பின. கதவோடு பொருந்துகிற கீழ் ஓரம் ஓர் அரிசி கனத்துக்கு உள்ளே மடங்கிவிட்டது. மறுநாள் பூஜை நடந்தது. உறை இல்லாமல், உள்ளே இருக்கும் மோட்டாரும் ஒயரும் தெரிய நின்ற வண்டிக்குச் சந்தனம் வைத்தார் சித்தப்பா. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதற்குப் பிறகு சேலம் கன்னங்குறிச்சியில் என் வீட்டு மொட்டை மாடியிலும், ஏற்காட்டுத் திண்ணையிலுமாகப் பல பாகங்களுக்குப் பெயின்ட் அடித்துவிட்டேன். கண்ணாடி உறை, முன் கிரில், கதவுக் கைப்பிடி, ஒரு முறை முழு பம்பர். காயவைக்கும் வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்ததில், எந்த வழி எந்த இடத்துக்கு, எந்தப் பாகத்துக்கு ஏற்றது என்று ஒரு முடிவுக்கு வர முடிந்தது.

இரண்டு வேலைகள்

பெயின்ட் காய்ந்தது என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதல் வேலை, பெயின்ட்டைத் தெளிப்பதற்காகக் கலந்த தின்னர் ஆவியாகி வெளியேறுவது. இரண்டாவது வேலை, மிச்சம் நிற்கும் படலம் கெட்டியாக இறுகுவது. முதல் வேலைக்கு வேண்டியது காற்று. இரண்டாவதற்கு வேண்டியது காலம் அல்லது சூடு. இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதைத்தான் அன்று திண்ணையில் பார்த்தேன். தின்னர் உள்ளே இருக்கும்போதே மேலே சூடு பட்டால், காய்ச்சிய பாலின் மேல் ஆடை கட்டுவதுபோல் மேற்பரப்பு மட்டும் தோல் கட்டிவிடும். அடியில் மாட்டிக்கொண்ட தின்னர் அந்தத் தோலைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கொப்புளம் என்பது அந்த ஓட்டைதான்.

சித்தப்பா காபி பயிர் செய்கிறவர். பிறகொரு நாள் இதைச் சொன்னபோது, “களத்தில் காபிக் கொட்டையைக்கூட முதல் நாளே உச்சி வெயிலில் விட மாட்டோமே கண்ணு, மேல் தொலி வெடித்துவிடும். மூடி வைத்துத்தானே எடுப்போம்” என்றார். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்ப்ரே கேன்களில் பெரும்பாலானவற்றில் தின்னர் போனால் வேலை ஏறக்குறைய முடிந்தது. பட்டறைகளில் அடிக்கும் டூ கே கிளியர் அப்படியல்ல. அதில் ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலக்கிறார்கள். தின்னர் போன பிறகு ரசாயன வினை நடந்துதான் அது இறுகும். இந்த வினை சூட்டைப் பொறுத்தது. பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. 20 டிகிரியில் எட்டு மணி நேரம் எடுக்கும் வேலை 30-இல் நான்கு, 40-இல் இரண்டு, 50-இல் ஒன்று, 60 டிகிரியில் அரை மணி. பெயின்டிங் பட்டறைகளில் பூத் எனப்படும் மூடிய சூட்டறையில் 60 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பதற்குப் பின்னால் இருப்பதும் இதே கணக்குதான். எனவே கையில் இருப்பது சாதாரண கேன் என்றால் காற்றுக்கு முதலிடம். ஹார்டனர் கலந்தது என்றால் காற்றுக்குப் பின் சூட்டுக்கு நிறைய இடம்.

பிளாஸ்டிக்குக்கென்று தனியாக ஒரு கவலை உண்டு. பாகத்தின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், எதில் செய்தது என்று அச்சில் பொறித்திருப்பார்கள். கண்ணாடி உறையிலும் கிரில்லிலும் பெரும்பாலும் ஏபிஎஸ் என்று இருக்கும். பம்பரில் பிபி, ஈபிடிஎம் என்ற எழுத்துகளும், டி20 என்றும் இருக்கும். பிபி என்பது பிளாஸ்டிக், ஈபிடிஎம் ஒரு ரப்பர், டி20 என்றால் நூற்றுக்கு இருபது பங்கு டால்க் தூள் கலந்தது என்று பொருள். ஏபிஎஸ் நூறு டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். பம்பரின் பிபி உருகுவதற்கு 160 டிகிரிக்கு மேல் வேண்டும் என்றாலும், தன் கனத்தைத் தாங்கமுடியாமல் தொய்வதற்கு அவ்வளவு தேவையில்லை. இரும்புத் தகடு ஓரிடத்தில் பட்ட சூட்டை உடனே சுற்றிலும் பரப்பிவிடும். பிளாஸ்டிக் பரப்பாது, பட்ட இடத்திலேயே சூடு தேங்கும். ஆகவே வீட்டில் கருவியால் சூடாக்கும்போது பிளாஸ்டிக்கை 60 டிகிரிக்கு மேல் நான் கொண்டுபோவதில்லை.

இதை அளக்க ஒரு கருவி வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி உடல் வெப்ப எல்லைக்குள் மட்டும் சரியாகக் காட்டுவதற்காகச் செய்தது. எலக்ட்ரிக்கல் கடையிலும் டூல்ஸ் கடையிலும் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைத்தான் வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால், பாகத்தின் பின்புறத்தில் உள்ளங்கையை வையுங்கள். சில நொடிகூட வைத்திருக்க முடியவில்லை என்றால் விளக்கைத் தள்ளி வைக்கும் நேரம் வந்துவிட்டது.

காத்திருப்பது

செலவில்லாத வழி இது. பலரும் மதிக்காத வழியும் இதுதான். மார்ச், ஏப்ரல் மாதச் சேலத்தில் நிழலில் வைத்த சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் அரை மணியில் தூசி ஒட்டாத நிலைக்கு வந்துவிடும், மாலைக்குள் கையில் எடுக்கலாம். இங்கே எந்தக் கருவியும் மிச்சப்படுத்தும் நேரம் ஒன்றிரண்டு மணிதான். அவசரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க ஒரு வழி பெயின்ட் அடிக்கும் கையிலேயே இருக்கிறது. மெல்லிய பூச்சாக அடியுங்கள். படலத்தின் அடியில் இருக்கும் தின்னர் மேலே வர எடுக்கும் நேரம் தடிமனோடு சேர்ந்து நேராக ஏறுவதில்லை. தடிமன் இரட்டிப்பானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒரே மூச்சில் வழிய வழிய அடித்தது இரண்டு நாளானாலும் நகம் பதியும். அதே அளவு பெயின்ட்டைப் பத்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய பூச்சாக அடித்தால் அன்றே காயும். முதல் பூச்சு அடியை முழுதாக மறைக்கக்கூடாது, பனி படிந்ததுபோல் இருந்தால் போதும். பிபி பம்பராக இருந்தால் அதற்கும் முன்பு, பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடிக்கவைக்கும் பிரைமர் அடித்திருக்க வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு நன்றாகக் காய்ந்தாலும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது தாளாக உரிந்து வரும்.

அடுத்த பூச்சை எப்போது அடிப்பது என்று கேனிலேயே எழுதியிருப்பார்கள். சில எனாமல் வகைகளில், ஒரு மணி நேரத்துக்குள் அடியுங்கள், தவறினால் 48 மணி நேரம் கழித்து அடியுங்கள் என்று இருக்கும். நடுவில் அடித்தால் கீழ்ப் பூச்சு தோல் சுருங்குவதுபோல் சுருங்கிவிடும். தயவுசெய்து அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

மின்விசிறி

முதல் ஒரு மணி நேரத்துக்கு இதைவிட நல்ல உதவி இல்லை என்பது என் அனுபவம். பாகத்தை ஒட்டி நிற்கும் தின்னர் ஆவியைக் காற்று அள்ளிக்கொண்டு போனால்தான் அடுத்த ஆவி வெளியே வரும். ஆனால் விசிறியை பாகத்துக்கு நேராகத் திருப்பக்கூடாது. நேராக அடிக்கும் காற்று மேற்பரப்பை மட்டும் உலர்த்தி ஆடை கட்டவைக்கும், தரையில் இருக்கும் தூசியையும் கிளப்பிவிடும். பாகத்துக்குப் பக்கவாட்டில், நான்கைந்து அடி தள்ளி, சுவரைப் பார்த்து வையுங்கள். அறையில் காற்று நகர்ந்தால் போதும். சேலத்தில் என்றால் வேலைக்கு முன் தரையில் தண்ணீர் தெளித்துவிடலாம், தூசி அடங்கும். ஏற்காட்டில் அதைச் செய்யாதீர்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் ஈரமே அதிகம்.

சேலத்து வெயில்

நம் ஊருக்கு வாய்த்த பெரிய பூத் மொட்டை மாடிதான். ஏப்ரல், மே மாதங்களில் காற்றின் வெப்பமே 38, 40 டிகிரியைத் தொடும்போது, நேர் வெயிலில் கிடக்கும் கறுப்பு பாகத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். வெள்ளை பாகம் அதைவிட நன்றாகக் குறைவாகவே சூடாகும். ஆத்தூர்ப் பக்கம் சிமென்ட் களங்களில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வெயிலின் பலம் தெரியும். சிறு பாகம் வளைந்துவிடுமோ என்ற பயமும் இங்கே வேண்டாம். ஆயுள் முழுக்க வெயிலில் நிற்பதற்காகவே செய்த பாகம் அது.

ஆனால் வெயில் இரண்டாவது வேலைக்குத்தான். முதல் வேலைக்கு நிழல் வேண்டும். உச்சி வெயிலில் பெயின்ட் அடித்தால் துளிகள் பாகத்தில் விழுவதற்குள் பாதி உலர்ந்து, மேற்பரப்பு உப்புத்தாள்போல் சொரசொரவென்று நிற்கும். நான் காலை எட்டு மணிக்கு, மாடிப்படி அறையின் நிழலில் அடிக்கிறேன். பத்து மணி வரைக்கும் நிழலிலேயே காற்றாட விடுகிறேன். அதன் பிறகு மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் தின்னர் வாசனை லேசாகத்தான் இருக்கும். அப்போது வெயிலுக்கு நகர்த்தினால் பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் விரலால் தட்டினால் டொக்கென்று ஒலிக்கும் அளவுக்கு இறுகிவிடுகிறது.

வெயிலின் குறை சூட்டில் இல்லை, சுற்றுப்புறத்தில் இருக்கிறது. சித்திரையில் என் மாடிக்குப் பக்கத்து வேப்பமரம் பூத்துக் கொட்டும். ஒரு கிரில்லுக்குக் கிளியர் அடித்துவிட்டுக் கீழே போய்க் காபி குடித்துவிட்டு வந்தேன். கிரில்லின் மூன்றாவது கம்பியில் ஒரே ஒரு வேப்பம்பூ, ஐந்து இதழும் விரிந்தபடி, கண்ணாடிக்குள் வைத்ததுபோல் ஒட்டியிருந்தது. ஊசியால் எடுத்தால் ஐந்து தடம் நின்றது. மீண்டும் தேய்த்து மீண்டும் அடித்தேன். இப்போது நான்கு செங்கல் மேல் பாகத்தை வைத்து, ஒரு முழம் உயரத்தில் பழைய கொசுவலையைக் கட்டிவிடுகிறேன். வெயிலும் காற்றும் வரும், பூவும் பூச்சியும் வராது. கோடை மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்பும் நேரத்தில் வலைகூடப் போதாது, அன்றைக்கு வேலையை ஒத்திப் போடுங்கள். ஏப்ரல், மேயில் மாலை இடி மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நான்கு மணிக்குள் பாகம் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் வைப்பது இதன் இன்னொரு வடிவம். தூசி இல்லை, பூச்சி இல்லை, சூடும் நன்றாக ஏறும். ஆனால் அன்றே அடித்ததை வைக்காதீர்கள். தின்னர் ஆவி காருக்குள் அடைந்துவிடும். அது தீப்பிடிக்கக் கூடியது, சுவாசிக்கவும் கெட்டது. ஒரு நாள் கழித்து, வாசனை போன பிறகு, கண்ணாடிகளை இரண்டு விரல் இறக்கிவிட்டு வைத்தால் இறுதி இறுக்கத்துக்கு மிக நல்லது.

ஹேர் டிரையரும் ஹீட் கன்னும்

இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றல்ல. சாதாரண ஹீட் கன்னின் குறைந்த நிலையிலேயே முனையில் 300 டிகிரிக்கு மேல் வரும், உயர்ந்த நிலையில் 500-ஐத் தாண்டும். பழைய பெயின்ட்டை உரிப்பதற்கும் ஒயர் இணைப்பின் மேல் மாட்டும் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்குவதற்கும் அது சரி. புதிய பெயின்ட் உள்ள பிளாஸ்டிக்கின் அருகில் அதைக் கொண்டுபோகவே வேண்டாம். தூரத்தில் பிடித்தால் போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் தூரத்தில்தான் பிடித்தேன். கை தளர்ந்து இரண்டு அங்குலம் நெருங்கினால் கதை முடிந்தது.

ஹேர் டிரையர் அவ்வளவு ஆபத்தானதல்ல. கைப்பிடி, சிறு கீறல், கல் தெறித்த இடம் என்று உள்ளங்கைக்குள் அடங்கும் வேலைகளுக்குப் பரவாயில்லை. ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அரை மணி நேரம் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது யாரால் முடியும்? அதன் காற்று தூசியைக் கொண்டுவந்து போடுகிறது. மின்சாரமும் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கிறது. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. உள்ளே சிவக்கும் கம்பிச்சுருளும் பொறி பறக்கும் மோட்டாரும் இருக்கின்றன. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் தரையோடு படிந்து நிற்கும். அப்போதுதான் அடித்து முடித்த அறையில் ஹேர் டிரையரை ஓடவிடுவது தீயோடு விளையாடுவது. பூஜை அறை விளக்கும் சமையலறை அடுப்பும் அந்த ஆவி போய்ச் சேரும் தூரத்தில் எரியக்கூடாது. சமையல் ஓவனில் பாகத்தை வைப்பதைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். சாப்பாடு வேகும் இடத்தில் பெயின்ட் ஆவி போகவே கூடாது.

கோழிக்குஞ்சு பல்பு

என் மனதுக்கு மிகவும் பிடித்த வழி இது. நம் பக்கத்து மாவட்டமான நாமக்கல் முழுக்கக் கோழிப்பண்ணைகள். குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க அகச்சிவப்பு பல்புகள் தொங்கவிடுவார்கள். 150 வாட், 250 வாட் என்று கிடைக்கும். பண்ணைப் பொருட்கள் விற்கும் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பட்டறைகளில் பயன்படுத்தும் விலை உயர்ந்த அகச்சிவப்பு விளக்குகளுக்கு இது ஈடாகாது என்றாலும், வேலையின் தன்மை ஒன்றுதான். காற்றை ஊதாமல், வெளிச்சத்தாலேயே பாகத்தைச் சூடாக்குகிறது. காற்று ஊதாததால் தூசி கிளம்புவதில்லை. நான் இரண்டு மணி நேரம் இரண்டு 250 வாட் பல்புகளை எரியவிட்டால் ஆகும் செலவு ஒரு யூனிட் மின்சாரம்.

வைக்கும் முறையில் கவனம் வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டினால் ஹோல்டரே உருகும், பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். பல்பில் ஈரத் துளி பட்டால் கண்ணாடி வெடிக்கக்கூடும். அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடலாம் என்று தோன்றும், வேண்டாம், தீப்பிடிக்கும். நான் ஒரு பழைய தகரத்தை வளைத்துப் பின்புறம் மறைப்பாக நிறுத்துகிறேன், சூடு வீணாகாமல் திரும்பி வருகிறது. முதலில் இரண்டடி தூரத்தில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பமானியைக் காட்டி, 50 டிகிரியில் நிற்கும்படி நகர்த்துகிறேன். கறுப்பு பாகமாக இருந்தால் இன்னும் அரையடி பின்னால். வெள்ளியும் வெள்ளையும் சூட்டைத் திருப்பி அனுப்புவதால் நெருக்கமாக வைக்கலாம். பெயின்ட் அடித்து ஒரு மணி நேரமாவது வெறும் காற்றில் விட்ட பிறகுதான் சுவிட்சைப் போடுவேன்.

பல்பின் எல்லை அதன் பரப்பு. ஒரு பல்பு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தைத்தான் ஒரே சீராகச் சூடாக்கும். கண்ணாடி உறைக்கு ஒன்று, கிரில்லுக்கு இரண்டு. முழு பம்பருக்கு ஏழெட்டு பல்புகளை வரிசையாகக் கட்ட நினைத்தால் அது வீட்டு வேலையாக இருக்காது. நகர்த்தி நகர்த்திக் காட்டினால் ஒரு பக்கம் இறுகியும் இன்னொரு பக்கம் பிசுபிசுத்தும் நிற்கும்.

மலை மேல் வேறு கணக்கு

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல், சேலத்தைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் கிலோமீட்டருக்கு ஆறு, ஏழு டிகிரி குறையும் என்பதால் சேலத்துக்கும் அங்கும் எட்டு டிகிரி வித்தியாசம் எப்போதும் எதிர்பார்க்கலாம். முன்பு சொன்ன இரட்டிப்புக் கணக்கில் பார்த்தால், இதனாலேயே இறுகும் நேரம் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். ஆனால் என்னை அங்கே அதிகம் படுத்தியது குளிர் அல்ல, ஈரம்.

தின்னர் ஆவியாகும்போது பாகத்தின் மேற்பரப்பைக் குளிரவைக்கும். உள்ளங்கையில் தின்னர் பட்டால் சில்லென்று இருப்பது அதனால்தான். 36 டிகிரி வெப்பமும் 35 சதவீத ஈரப்பதமும் உள்ள சேலத்துப் பகலில், காற்றிலிருக்கும் ஈரம் பனித்துளியாகப் படிய மேற்பரப்பு சுமார் 18 டிகிரிக்கு இறங்க வேண்டும். அவ்வளவு இறங்காது. 18 டிகிரியும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள ஏற்காட்டு மாலையில் 16 டிகிரிக்கு இறங்கினாலே போதும். இரண்டு டிகிரி. முதல் பூச்சு உலரும் முன்பே இறங்கிவிடும். படிந்த ஈரம் பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு, கறுப்பு சாம்பல் பூத்ததுபோல் வெளுக்கும். பட்டறைக்காரர்கள் வெள்ளை பூத்துவிட்டது என்பார்கள். இதற்குப் பலரும் செய்யும் தவறு, சீக்கிரம் காயட்டும் என்று வேகமாக உலரும் தின்னர் கலப்பது. வேகமாக ஆவியானால் இன்னும் அதிகமாகக் குளிரும், இன்னும் அதிகமாக வெளுக்கும். ஈரமான நாளில் மெதுவாக உலரும் தின்னர்தான் வேண்டும். கேனில் வருவதற்குத் தின்னரை மாற்ற முடியாது.

மாற்றக்கூடியது அறையும் பாகமும். 18 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள அதே காற்றை 28 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் பாதியாகி 50 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். தண்ணீர் அப்படியேதான் இருக்கும், காற்றின் கொள்ளளவு கூடிவிடும். ஆகவே ஏற்காட்டில் நான் செய்வது இது: முந்தைய இரவே பாகத்தை வீட்டுக்குள் வைத்துவிடுகிறேன். காலை பதினொரு மணிக்கு மேல், பனி விலகிய பிறகு, பல்பைப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே அரை மணி நேரம் எரியவிட்டு பாகத்தை 30 டிகிரிக்குக் கொண்டுவருகிறேன். பல்பை அணைத்து, தள்ளி வைத்துவிட்டு அடிக்கிறேன். கேனையும் வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் நிறுத்தி எடுத்தால் பெயின்ட் நன்றாகத் தெறிக்கும். கொதிக்கும் தண்ணீர் கூடவே கூடாது. 50 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று கேனிலேயே எச்சரிக்கை இருக்கும். பாகம் வெதுவெதுப்பாக இருந்தால் தின்னர் அதைக் குளிரவைத்தாலும் ஈரம் படியும் அளவுக்கு இறங்காது. இந்த முறையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே ஓர் உறையை வெளுப்பில்லாமல் முடித்திருக்கிறேன்.

பட்டறை பூத்தா, வீடா?

ஹார்டனர் கலந்த கிளியரைப் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அதன் புகை நுரையீரலுக்குள் போனால் சிலருக்கு ஆஸ்துமா வரும். ஒரு முறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு சிறிய அளவே போதும், மூச்சுத் திணறும். வாசனையை வைத்து அளவைக் கண்டுபிடிக்கவும் முடியாது. துணி முகக்கவசமோ என்95-ஓ அந்த ஆவியைத் தடுக்காது. பட்டறைகளில் இதற்கென்று வெளியிலிருந்து நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும் என்பதுதான் முறை. குழந்தைகள் ஓடிவரும் வீட்டு மாடியில் இதைச் செய்யவேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். பளபளப்பும் பெட்ரோல் பட்டால் கரையாத உறுதியும் வேண்டும் என்பவர்கள், பாகத்தைக் கழற்றி, பூத் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுவது மேல். தேய்த்துச் சுத்தம் செய்வதை நீங்களே செய்துகொடுத்தால் கூலியும் குறையும். பூத்தில் அரை மணி நேரம், ஆறியபின் கையில் வாங்கிக்கொண்டு வரலாம். நேரம்தான் முக்கியம் என்றால் இதை வெல்ல வீட்டில் எந்த வழியும் இல்லை.

இவ்வளவும் பார்த்தபின் என் தேர்வு இப்படி இருக்கிறது. சேலத்தில், பிப்ரவரி முதல் மே வரை, எந்தச் சிறு பாகமானாலும் காலை நிழல், பிறகு வெயில். விளக்கு வாங்க வேண்டிய தேவையே இல்லை. ஆடி ஆவணி மேகமூட்டத்திலும் ஐப்பசி மழையிலும் சேலத்திலேயே பல்புதான். ஏற்காட்டில் ஆண்டு முழுவதும் பல்பு, அதுவும் பெயின்ட்டுக்கு முன்பே ஒரு முறை, பின்பு ஒரு முறை. நேரமிருப்பவர்களுக்கு எங்கேயும் மின்விசிறியும் ஓர் இரவும் போதும். பம்பரை மட்டும் மலை மேல் தொடாதீர்கள், கீழே இறக்கிவிடுங்கள். வெயிலிலோ பூத்திலோ வைக்கும்போது இரு முனையை மட்டும் தாங்கி நிறுத்தாமல், காரில் உட்கார்ந்திருக்கும் அதே வளைவில் நடுவிலும் முட்டுக் கொடுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் எஃகைவிடப் பல மடங்கு விரியும். தொய்ந்த நிலையில் ஆறினால் திரும்ப மாட்டும்போது போல்ட் ஓட்டைகள் பொருந்தாது.

காய்ந்ததா என்று பார்க்க பாகத்தையே தொட்டுக் கெடுக்க வேண்டியதில்லை. உடைந்த பழைய உறைத் துண்டு ஒன்றுக்கும் அதே நேரத்தில், அதே அளவு பூச்சு அடித்துப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அதில் நகத்தை அழுத்திப் பாருங்கள், மாஸ்கிங் டேப்பை ஒட்டி உரித்துப் பாருங்கள். அதில் தடம் விழாதபோது பாகத்தை எடுக்கலாம். மாட்டிய பின்னும் ஒரு வாரம் ஷாம்பூ போட்டுக் கழுவாமலும், ஒரு மாதம் வேக்ஸ் போடாமலும் இருப்பது நல்லது.

சித்தப்பாவின் காருக்கு அடுத்த பங்குனியில் புது உறை வாங்கி, கன்னங்குறிச்சி மாடியில் அடித்து, அன்று மாலையே மலைக்கு எடுத்துப் போனேன். திண்ணை விளக்கு வெளிச்சத்தில் அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஓரத்தை ஒரு முறை தடவினார். பிறகு அவரே கிளிப்பை அழுத்தி மாட்டினார். டக் என்று சத்தம் கேட்டது.